காயின் செல்லில் நியூரோமார்ஃபிக் சிப்: கேள்வி பதில்

கே: சிஆர்2032 காயின் செல்லில் (நாணய வடிவச் சிறு பேட்டரி) ஓடும் ப்ளூடூத் சாதனத்தில் நியூரோமார்ஃபிக் சிப் வைத்து, எந்நேரமும் சத்தத்தைக் கவனிக்க வைக்கலாமா சார்?

ப: மூளையின் நியூரான்களைப் போல, ஸ்பைக் எனும் சிறு துடிப்புகளால் கணக்கிடும் சிப் அது. முதலில் கணக்கு. செல்லில் சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி, 3 வோல்ட்டில் 2,430 ஜூல். முழுச் சாதனமும் சராசரி 1 மில்லிவாட் எடுத்தால் 28 நாளில் தீரும். ஓராண்டு வேண்டுமென்றால் 77 மைக்ரோவாட்டுக்குள் அடங்க வேண்டும். டிஜிட்டல் மெம்ஸ் மைக் (சிப் அளவிலான நுண் மைக்) ஒன்றே, சிக்கன நிலையில்கூட, சில நூறு மைக்ரோவாட் கேட்கும். ஆகவே சத்தத்துக்கு வேறு பேட்டரி பாருங்கள். அசைவு என்றால் முடியும்: ஏடிஎக்ஸ்எல்362 முடுக்கமானி (அசைவை அளக்கும் சென்சார்) 2 வோல்ட்டில், 100 ஹெர்ட்ஸ் வேகத்தில், 1.8 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அந்த வேகத்தில் 50 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வு தெரியாது. பேரிங் பழுதைப் பிடிக்க அது உதவாது.

கே: அப்படியானால் அந்தச் சிப்பால் என்ன லாபம்?

ப: ரேடியோவை எழுப்பாமல் இருப்பது. 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஒலியை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 256 கிலோபிட். என்ஆர்எஃப்52832 என்ற ப்ளூடூத் சிப் அனுப்பும்போது 0 டிபிஎம் (1 மில்லிவாட்) ரேடியோ திறனில் சுமார் 5 மில்லிஆம்பியர் இழுக்கும். முடிவை உள்ளேயே எடுத்துச் சில பைட் மட்டும் அனுப்பினால் அந்தச் செலவு ஏறக்குறைய மறைந்துவிடும்.

இதைச் சாதாரண மைக்ரோகன்ட்ரோலரும் செய்யும் என்பதை மறக்காதீர்கள். நியூரோமார்ஃபிக் சிப் முந்துவது உள்ளீடு பெரும்பாலும் அமைதியாக இருக்கும்போதுதான். ஸ்பைக் வராவிட்டால் நினைவகத்தைத் தொட வேண்டியதில்லை. செலவு அதிகம் பிடிப்பது அங்கேதான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் தந்த 45 நானோமீட்டர் கணக்கில் 8 பிட் பெருக்கலுக்கு 0.2 பிகோஜூல், சிப்புக்கு வெளியே உள்ள டிராம் நினைவகத்திலிருந்து 32 பிட் படிக்க 640 பிகோஜூல்.

கே: மேசையில் அளந்த மின்செலவு ஆலைக்குப் போனதும் பல மடங்காகிறது. ஏன்?

ப: இரைச்சலும் ஸ்பைக்தான். ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை ஸ்பைக் என்று எண்ணுங்கள். சென்சார் அளவை ஸ்பைக்காக மாற்றும் என்கோடரின் வரம்பை உயர்த்துங்கள். ஆலையில் பதிவுசெய்த இரைச்சலோடு பயிற்சி கொடுங்கள், ஸ்பைக் கூடினால் தண்டிக்கும் உறுப்பை இழப்புச் சார்பில் (பயிற்சியில் பிழையை அளக்கும் சூத்திரம்) சேருங்கள். வழக்கமான நெட்வொர்க்கை ஸ்பைக் வடிவுக்கு மாற்றியிருந்தால் அதையும் சந்தேகியுங்கள்: துல்லியத்துக்காக ஒரே உள்ளீட்டை நூறு காலப்படி (டைம்ஸ்டெப்) ஓட்டினால் மின்சிக்கனம் எதுவும் மிஞ்சாது. ஸ்பைக் நெட்வொர்க்குகளுக்கான எஸ்என்என்டார்ச் என்ற பைத்தான் நூலகத்தில் நேரடியாகப் பயிற்றுவிப்பது நல்லது.

கே: அனுப்பும்போது போர்டு ரீசெட் ஆகிறது.

ப: செல் பழசாகும்போதும் குளிரிலும் உள்மின்தடை ஏறி வோல்ட்டேஜ் சரியும். கணிப்பும் அனுப்புதலும் ஒரே நேரத்தில் நடக்கவிடாதீர்கள். செல்லுக்கு இணையாக 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் வகையில் மின்னோட்டம் கசியும், செராமிக்கில் டிசி வோல்ட்டேஜ் ஏறும்போது கொள்திறன் குறையும் என்பதால் கூடுதலாக வையுங்கள்.

கே: சந்தை எப்படி? நியூரோமார்ஃபிக் சிப் நிறுவனமான பிரெய்ன்சிப்பின் பங்கு வாங்கலாமா?

ப: பங்கு யோசனை என்னிடம் வேண்டாம், 2024 வரை அந்நிறுவனம் நட்டத்தில்தான் இருந்தது. ஐபிஎம்மின் ட்ரூநார்த் 2014-இல் 10 லட்சம் நியூரான்களை சுமார் 70 மில்லிவாட்டில் ஓட்டியும் கடைக்கு வரவில்லை. இன்டெல் லோய்ஹி ஆராய்ச்சியாளர்களுக்குத்தான். ஆனால் பிரெய்ன்சிப்பின் அகிடா வடிவமைப்புக்கான உரிமத்தை சிப் நிறுவனமான ரெனசாஸ் 2020-இல் வாங்கியது. சின்சென்ஸ், டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த இன்னடெரா ஆகியவையும் சிப் விற்கின்றன.

தடை விலையைவிட மென்பொருளில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கருவிகள். விற்பவர் கைவிட்டால் மாடலைப் புதிதாக எழுத வேண்டும். பத்தாண்டு விற்கும் மீட்டருக்கு இப்போதைக்கு நான் ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ்-எம்55 (மைக்ரோகன்ட்ரோலர் கோர்), ஈதோஸ்-யு55 (ஏஐ முடுக்கி) ஜோடியைத்தான் சொல்வேன்.