எம்டன் கப்பல் கவர்: முன்பணம் கொடுப்பதற்கு முன் முத்திரையைப் படியுங்கள்

கேள்வி: என் அப்பா தபால்தலை சேகரித்தவர். அவருடைய ஆல்பத்தை நான் தொடர்கிறேன். 1914-ல் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனிலேயே முத்திரை குத்திய கவர், அதாவது தபால் உறை, ஒன்று இருப்பதாக வியாபாரி ஒருவர் சொல்கிறார். முத்திரையில் ‘எஸ்.எம்.எஸ். எம்டன், மெட்ராஸ், 22-9-1914’ என்று இருக்கிறது (எஸ்.எம்.எஸ். என்றால் ஜெர்மன் பேரரசரின் கப்பல்). விலை 85,000 ரூபாய், முன்பணம் 20,000. வாங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியே போதும், இது போலி என்று சொல்ல.

அன்றைய ஜெர்மன் கடற்படையில் கப்பலிலேயே தபால் ஏற்பாடு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த முத்திரையில் கப்பலின் பெயர் இருக்காது. ‘கைசர்லிஷ் டாய்ட்ஷெ மரீனெ ஷிஃப்ஸ்போஸ்ட்’ (பேரரசின் ஜெர்மன் கடற்படைக் கப்பல் தபால்) என்ற வாசகம், கீழே ஒரு எண், நடுவில் தேதி. அவ்வளவுதான். எந்த எண் எந்தக் கப்பலுக்கு என்பதைப் பட்டியல் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எண்கள் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாறியும் இருக்கின்றன. ஊர்ப்பெயர் அதில் வரவே வராது. ‘எம்டன்’ என்றும் ‘மெட்ராஸ்’ என்றும் அழகாக எழுத்துக் கோத்த முத்திரை, நம் ஊர் ஆட்களிடம் விற்பதற்கென்றே செய்த ரப்பர் ஸ்டாம்ப்.

அன்று இரவு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். ஒன்பதரை மணி வாக்கில் விளக்கடித்து, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டுவிட்டு, அரைமணி நேரத்துக்குள் எம்டன் போய்விட்டது. எதிரிக் கடலில் ஒளிந்து திரிந்த கப்பல் அது. 48 நாள் கழித்து, நவம்பர் 9 அன்று, ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுக் கோகோஸ் தீவுகளின் பவளப்பாறையில் ஏறி நின்றது. இடையில் தபால் பையை எந்தத் துறைமுகத்தில் இறக்கினார்கள், அது எந்த வழியாக ஜெர்மனி போனது, பின்பக்கத்தில் வந்து சேர்ந்த முத்திரை எங்கே? வியாபாரியிடம் இதை மட்டும் கேளுங்கள்.

இந்தச் சந்தையில் இன்னும் இரண்டு ஏமாற்று நடக்கிறது. முதலாவது, 1925-ல் நீரில் இறக்கிய இன்னொரு எம்டன். அது பயிற்சிக் கப்பலாகப் பல வருடம் உலகம் சுற்றியது. அதிலிருந்து வந்த கவர்கள் நிறையவே கிடைக்கின்றன, கப்பலின் பெயர் போட்ட தனி ரப்பர் முத்திரையோடும் வரும். அதை 1914 எம்டன் என்று சொல்லிப் பத்து மடங்கு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். தபால்தலையைப் பாருங்கள். 1914 என்றால் கிரீடம் வைத்த பெண் உருவம், அதாவது ஜெர்மானியா, இருக்க வேண்டும். பிற்கால ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் முகம் இருந்தால் அது 1928-க்குப் பிந்தியது. இரண்டாவது, ஐந்தாம் ஜார்ஜ் தபால்தலை ஒட்டி, மெட்ராஸ் தபால் நிலையத்தில் அதே தேதியில் முத்திரை விழுந்த சாதாரண உள்ளூர்க் கடிதம். அதன் மேல் யாரோ பிற்பாடு கப்பல் படம் அச்சடித்திருப்பார்கள். உள்ளே குண்டு வீச்சைப் பற்றி எழுதிய கடிதம் இருந்தால் நானே ஆசையாக வாங்குவேன். வெறும் உறை என்றால் அந்த விலைக்கு அர்த்தமே இல்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாமல் இதைக் குப்பை என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சிட்னி கப்பலிடம் பிடிபட்ட எம்டன்காரர்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு பெரும்பாலோர் மால்டாவில் போர்க்கைதிகளாக இருந்தார்கள். அங்கிருந்து வீட்டுக்கு எழுதினார்கள். அந்தக் கடிதங்களில் தபால்தலை இருக்காது, போர்க்கைதிகளின் தபாலுக்குக் கட்டணம் கிடையாது. தணிக்கை முத்திரை இருக்கும், அனுப்புநர் இடத்தில் ஒரு மாலுமியின் பெயர் கையால் எழுதியிருக்கும். பார்க்க அழுக்குக் காகிதம் மாதிரி இருக்கும். ஆனால் எம்டன்காரர் ஒருவரின் கையெழுத்து உண்மையில் இப்படித்தான் கிடைக்கும். தேதி 1915, 1916 என்று இருந்தால் ‘கப்பல் அழிந்த பிறகு எப்படி?’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெயரைக் குறித்துக்கொண்டு, கப்பல் பணியாளர் பட்டியலில் அந்த ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

கவர் கைக்கு வந்தால் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். உறை நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னினால் அது பிற்காலக் காகிதம், ஏனென்றால் 1914-ல் காகிதத்தில் அந்த வெளுப்புப் பொருள் சேர்ப்பதில்லை. அப்புறம் பத்து மடங்கு லென்ஸில், முத்திரைக் கோடு தபால்தலையிலிருந்து உறைக்கு இறங்கும் இடத்தைப் பாருங்கள். நிஜ முத்திரையின் மை நார்களுக்குள் இறங்கியிருக்கும். கணினி அச்சு என்றால் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் தெரியும். ஒரு கண்காட்சியில் என்னிடம் காட்டிய ‘எம்டன் கவர்’ ஒன்றில், தபால்தலையின் பல் விளிம்பு வரை வந்த கோடு அங்கேயே நின்று, உறையில் ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கியது. தனித்தனியாக அடித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

சான்றிதழ் என்றால் வியாபாரியின் லெட்டர்ஹெட் அல்ல. ஜெர்மன் தபால்தலை நிபுணர்களின் பி.பி.பி. சங்கச் சான்று வேண்டும். அதற்குக் கவரை ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டும். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. நம் தொல்பொருள் சட்டத்தில் 75 வருடம் தாண்டிய வரலாற்று ஆவணம் தொல்பொருள் ஆகிறது, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு பழைய உறை அதில் வருமா வராதா என்று கேட்டு நான் படியேறிய அலுவலகங்களில் ஆளுக்கொரு பதில். சேகரிப்பவர் நேர்மையாக நடக்க நினைத்தாலும் வழி காட்ட ஆள் இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் ‘சான்றிதழை நானே வாங்கித் தருகிறேன், இருபதாயிரம் கொடுங்கள்’ என்கிற தரகர் பிழைக்கிறார். அதனால் முதலில் இருபக்கமும் 600 டி.பி.ஐ. ஸ்கேன் கேளுங்கள். அதை வைத்தே பெரும்பாலான போலிகளை ஒதுக்கிவிடலாம். ஸ்கேன் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அப்பாவின் ஆல்பத்தில் எம்டன் இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால், போருக்கு முன், 1910 முதல் 1914 வரை, அந்தக் கப்பல் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த காலத்து மாலுமி அட்டைகளைத் தேடுங்கள். பச்சை நிற ஐந்து பெனிக் (ஜெர்மன் காசு) தபால்தலை, எண் போட்ட கப்பல் முத்திரை, ஓரத்தில் பென்சிலில் ‘எஸ்.எம்.எஸ். எம்டன்’.