கேளுங்க அண்ணாச்சி: கடைசி ஹூட்டர் அடிக்குதா?

இந்த வாட்டி வந்த கேள்வி முக்கால்வாசி ஃபயர் அலாரம் எக்ஸ்பாண்டர் பேனல் பத்தி, நம்ம பக்கத்து எலக்ட்ரீசியன்க பூஸ்டர்னு சொல்லுவாங்களே அதேதான், மெயின் பேனல் தாங்காத ஹூட்டருக்கு (தீ அலாரம் அடிக்கிற சங்கு) கரண்ட் கொடுக்குற துணைப் பெட்டி. அதனால வேற கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, குற்றாலத்துல எங்க லாட்ஜுக்குப் பின்னால புதுசா மூணு மாடி பிளாக் எழுப்பியிருக்கோம். பழைய பேனல்ல ஹூட்டர் அவுட்புட் ஃபுல் ஆயிட்டு. புது பிளாக்குக்கு 12 ஹூட்டர் வேணும், கடைசி ரூமுக்கு கேபிள் 90 மீட்டர் வருது. பழைய லைன்லயே சேத்து இழுத்துரலாம்ங்கான் எங்க வயர்மேன். சரி வருமா? — லாட்ஜ் மேனேஜர், குற்றாலம்

பதில்: வேண்டாம் தம்பி, அந்த யோசனைய இன்னைக்கே விட்டுருங்க. பேனலோட ஹூட்டர் அவுட்புட்டுக்கு ஒரு ஆம்ப் கணக்கு உண்டு, போர்டுலயே அச்சடிச்சிருக்கும், அதுக்கு மேல மாட்டுனா சும்மா கெடக்கும்போது எல்லாம் நல்லாத்தான் தெரியும், அலாரம் அடிக்கிற அந்த நிமிஷம் வோல்டேஜ் படுத்துரும் இல்லன்னா அவுட்புட்டே கட் ஆயிரும். அப்போ புது பிளாக் மட்டுமில்ல, இது வரைக்கும் ஒழுங்கா அடிச்சிக்கிட்டு இருந்த பழைய பிளாக்கும் சேந்து ஊமையாயிரும்.

எக்ஸ்பாண்டர் செய்யுத சோலி என்னன்னா, மெயின் பேனல் ஹூட்டர் லைன்ல இருந்து “அலாரம் வந்துட்டு”ங்கிற சேதிய மட்டும் வாங்கிக்கிடும், ஹூட்டருக்கு வேண்டிய கரண்ட தன்னோட சொந்த பவர் சப்ளையில இருந்தும் சொந்த பேட்டரியில இருந்தும் கொடுக்கும். பொதுவா கடையில கெடைக்கிறது ரெண்டு இன்புட், நாலு அவுட்புட், மொத்தம் 6 ஆம்ப், 8 ஆம்ப், 10 ஆம்ப்னு வரும். ஆனா அது ஹூட்டருக்கு மட்டுந்தான். புது பிளாக்ல மாட்டுற ஸ்மோக் டிடெக்டருக்கும் மேனுவல் கால் பாயிண்ட்டுக்கும் (கையால அழுத்துற அலாரப் பெட்டி) மெயின் பேனல்ல லூப்போ ஸோனோ (அதுகள மாட்டுற லைன்) மிச்சம் இருக்கணும், அது இல்லன்னா எக்ஸ்பாண்டர் வாங்கிப் பிரயோஜனம் இல்ல.

இப்ப பெட்டிய எங்க மாட்டுறதுங்கிறதுதான் பெரிய விஷயம். நெறைய பேரு மெயின் பேனல் பக்கத்துலயே மாட்டிருதாங்க, பாக்க நல்லா இருக்குன்னு. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு ஹூட்டர் ஸ்ட்ரோபோட (மின்னுற லைட்டு) சேந்து 0.11 ஆம்ப்னு வச்சிக்கிட்டா 12க்கு 1.32 ஆம்ப். ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம், போக வர 180 மீட்டருக்கு 2.18 ஓம். எல்லா ஹூட்டரும் கடைசியிலேயே இருக்கதா வச்சி மோசமான கணக்குப் போட்டா 2.9 வோல்ட் வழியிலேயே போயிருது. இத 24 வோல்ட்ல இருந்து கழிக்கக் கூடாது தம்பி, பேட்டரி எறங்கி முடியிற நேரத்துல நிக்கிற 20.4ல இருந்து கழிக்கணும், ஏன்னா தீப்பிடிக்கும்போது மொதல்ல போறது இ.பி. கரண்ட்டுதான். அப்போ 17.5 நிக்கும். பெரும்பாலான ஹூட்டர் 16 வரைக்கும் வேலை செய்யும், தப்பிச்சிருவீங்க. அதே இது காசு மிச்சம்னு 1 ஸ்கொயர் வயர் இழுத்தா 16.1 தான் கெடைக்கும், ஒரு ஜாயிண்ட்டு லூஸ் ஆனா போச்சு.

பெட்டிய புது பிளாக்ல மாட்டிட்டா இந்தத் தலைவலியே கெடையாது. அந்த நீள கேபிள்ல சேதி மட்டும் போகும், அது சில மில்லி ஆம்ப்தான், டிராப்னு ஒண்ணு கணக்குலயே வராது. ஹூட்டருக்குப் போற வயர் இருபது முப்பது மீட்டருக்குள்ள முடிஞ்சிரும். ஆனா ஆள் நடமாட்டம் இல்லாத ரூம்ல மாட்டுனீங்கன்னா அந்தப் பெட்டிக்கு மேலயே ஒரு ஸ்மோக் டிடெக்டர் கட்டாயம் வைங்க, அமெரிக்காவோட தீ அலார விதிப் புத்தகம் என்.எஃப்.பி.ஏ. 72லயும் அப்படித்தான் சொல்லியிருக்கு. தீ மொதல்ல அந்த ரூமையே பிடிச்சா பெட்டி எரியிறதுக்கு முன்னாடி சேதி வெளிய போகணும்லா.

இன்னொண்ணு, கேக்காட்டாலும் சொல்லுதேன். சீசன்ல சாரல் நேரத்துல ஜன்னல் கதவு எல்லாத்தையும் அடைச்சிக்கிட்டு, அருவியில குளிச்ச அசதியில பிள்ளைகுட்டியோட தூங்குவாங்க. தூங்குற ஆளு தலைமாட்டுல 75 டெசிபல் கேக்கணும். வராண்டாவுல மாட்டுன ஹூட்டர் சத்தம் ஒரு சாதாரண கதவத் தாண்டும்போதே சுமார் 20 டெசிபல் கொறஞ்சிரும். அதனால கதவ அடைச்சிக்கிட்டு ரூமுக்குள்ள நின்னு மீட்டர் வச்சிப் பாருங்க, வராண்டாவுல நின்னு காதப் பொத்திக்கிட்டு “அம்மாடி என்ன சத்தம்”னா அது கணக்கு இல்ல. 12 பத்தாம 18 தேவைப்பட்டாலும் போடுங்க, ஆம்ப் கணக்க மட்டும் திரும்பப் போட்டுக்கிடுங்க.

கேள்வி: நெல்லை வண்ணாரப்பேட்டையில ஒரு ஜவுளிக்கடையில எக்ஸ்பாண்டர் மாட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி, இந்த லைனுக்கு நான் புதுசு. பவர் கொடுத்ததும் மூணாவது மாடி ஹூட்டர் ஒண்ணு லேசா முனங்குது, மஞ்ச ஃபால்ட் லைட்டும் அணைய மாட்டேங்குது. நாலு அவுட்புட்ல மூணுதான் யூஸ் பண்ணுதேன். ரெண்டு நாளா மண்டை காயுது. — டெக்னீசியன், மேலப்பாளையம்

பதில்: முனங்குற அந்த ஹூட்டர்ல பிளஸ் மைனஸ் மாறியிருக்கு தம்பி, மொதல்ல அதக் கழட்டிப் பாருங்க. ஏன்னு புரிஞ்சிக்கிட்டா இனிமே எங்கயும் முழிக்க மாட்டீங்க. அலாரம் இல்லாத நேரத்துல அந்த வயர்ல தலைகீழா ஒரு சின்ன கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும், வயர் அறுந்திருக்கா, ஷார்ட் ஆயிருக்கான்னு பேனல் வேவு பாக்குறதுக்கு. ஹூட்டருக்குள்ள ஒரு டயோடு இருக்கும், அது இந்தத் தலைகீழ் கரண்ட உள்ள விடாது, அது நேரா கடைசியில இருக்க ஈ.ஓ.எல். (லைன் முடிவு) ரெஸிஸ்டர் வழியா திரும்பி வந்துரும். அலாரம் வந்ததும் பேனல் பிளஸ் மைனஸ மாத்திவிடும், அப்பத்தான் டயோடு தொறந்து ஹூட்டர் அடிக்கும். நீங்க ஒரு ஹூட்டர மாத்தி மாட்டுனதால வேவு பாக்குற கரண்ட் அதுக்குள்ள பூந்து முனங்குது, அலாரம் வந்தாலோ அது ஒண்ணு மட்டும் வாயே தொறக்காது. மீட்டரோட செவப்பு முனைய பிளஸ்ல வச்சிப் பாருங்க, சும்மா இருக்கும்போது மைனஸ் காட்டணும், அலாரத்துல பிளஸ் காட்டணும். ஒவ்வொரு ஹூட்டர்லயும் இப்படிப் பாத்துட்டு வாங்க.

ஃபால்ட் லைட்டுக்கு காரணம் பெரும்பாலும் அந்த நாலாவது அவுட்புட். யூஸ் பண்ணலன்னாலும் அந்த டெர்மினல்ல ஒரு ரெஸிஸ்டர் போட்டே ஆகணும். பேனல் கம்பெனி கொடுத்த அதே ஓம்ஸ்தான் போடணும், ஒரு மேக்குல 3.9 கே, இன்னொண்ணுல 4.7 கே, 10 கேன்னு மாறும், பையில கெடந்தத எடுத்துப் போட்டா ஆகாது.

யூஸ் பண்ணுற மூணு அவுட்புட்லயும் ரெஸிஸ்டர் எங்க இருக்குன்னு பாருங்க. கடைசி ஹூட்டர்லதான் இருக்கணும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கல்யாண மண்டபத்துல ராத்திரியோட ராத்திரியா வேலைய முடிக்கணும்னு ரெஸிஸ்டர பேனல் டெர்மினல்லயே மாட்டிட்டு வந்துட்டேன். பச்ச லைட் எரிஞ்சுது, எல்லாரும் சந்தோசமாப் போனோம். எட்டு மாசம் கழிச்சி சர்வீஸுக்குப் போயி டெஸ்ட் போட்டா டைனிங் ஹால்ல ஒரு ஹூட்டரும் அடிக்கல, ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள எலி வயரக் கடிச்சி ரெண்டு துண்டாக்கி வச்சிருக்கு, பேனலுக்குத் தெரியவே இல்ல. அந்த எட்டு மாசத்துல அங்க எத்தன பந்தி நடந்திருக்கும், நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயித்தக் கலக்கும். அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்.

டீ ஜாயிண்ட்டும் போடாதீங்க, நடுவுல இருந்து கெளை பிரிச்சா அந்தக் கெளை அறுந்தா பேனலுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஹூட்டர்லயும் வயர வெட்டி, வார வயர் ஒரு ஸ்க்ரூவுல, போற வயர் இன்னொரு ஸ்க்ரூவுலன்னு மாட்டணும், வெட்டாம உரிச்சி வளைச்சி மாட்டுனா அந்த ஸ்க்ரூ கழண்டாலும் லைன் நல்லா இருக்கதாத்தான் காட்டும்.

இன்னொரு முக்கியமான சோலி, மெயின் பேனல்ல இருந்து வார லைனோட ரெஸிஸ்டர். அத எக்ஸ்பாண்டரோட இன்புட் டெர்மினல் பக்கம், மேனுவல்ல காட்டியிருக்க எடத்துல மாட்டணும். எக்ஸ்பாண்டருக்குள்ள பேட்டரி போனாலோ ஹூட்டர் வயர் அறுந்தாலோ அது அந்த லைனத் தொறந்து விட்டுரும், மெயின் பேனல்ல “ஹூட்டர் லைன் ஓப்பன்”னு ஃபால்ட் வரும். சில மேக்குல ஃபால்ட் ரிலேவ (கொறை வந்தா மாறுற சுவிட்ச்) மானிட்டர் மாட்யூல் (அத மெயின் பேனலுக்குச் சொல்லுற சின்னப் பெட்டி) வழியா கொண்டு போகணும். எப்படியோ ஒரு வழியில இந்தப் பெட்டியோட கொறை கீழ கேஷ் கவுண்டர் பக்கத்துல இருக்க மெயின் பேனலுக்குத் தெரியணும். மூணாவது மாடி ஸ்டோர் ரூம்ல, சேலை பண்டல் அடுக்குக்குப் பின்னால எரியிற மஞ்ச லைட்ட எவன் போயி பாப்பான் சொல்லுங்க.

கேள்வி: நாங்க அம்பாசமுத்திரத்துல சின்ன ஆஸ்பத்திரி நடத்துதோம். எக்ஸ்பாண்டர்ல ரெண்டு பேட்டரியில ஒண்ணு வீங்கிட்டு. ஒண்ண மட்டும் மாத்தலாமா? 7 ஏ.ஹெச். (ஆம்ப்-அவர், பேட்டரி கொள்ளளவு) எடுத்துட்டு 26 போட்டா இன்னும் நல்லதுதானே? — ஆஸ்பத்திரி நிர்வாகி

பதில்: ரெண்டயும் சேத்து மாத்துங்க அக்கா, ஒரே மேக், ஒரே மாசத்து சரக்கு. ரெண்டு 12 வோல்ட்டும் சேந்துதான் 24, ஒண்ணு கிழடு ஒண்ணு புதுசுன்னா கிழடு புதுசயும் சீக்கிரமே கெடுத்துரும்.

பெருசா போட்டா நல்லதுங்கிறது சரியில்ல. அந்தப் பெட்டியோட சார்ஜர் எத்தன ஏ.ஹெச். வரைக்கும் தாங்கும்னு மேனுவல்ல இருக்கும், அதுக்கு மேல போட்டா சார்ஜே நெறையாது. கணக்கு சின்னதுதான்: சும்மா இருக்கும்போது 75 மில்லி ஆம்ப், 24 மணி நேரத்துக்கு 1.8, அலாரத்துல 3 ஆம்ப் 5 நிமிஷத்துக்கு 0.25, ரெண்டயும் கூட்டி அஞ்சுல ஒரு பங்கு சேத்தா ரெண்டரை ஏ.ஹெச். 7 தாராளம். ஆனா ஆக்சிலரி அவுட்புட்ல (வேற சாமானுக்கு எப்பவும் கரண்ட் கொடுக்குற டெர்மினல்) கால் ஆம்ப் இழுக்குற ஏதாவது மாட்டியிருக்காங்களான்னு பாருங்க, அது ஒரு நாளைக்கே 6 ஏ.ஹெச். குடிச்சிரும், அப்போ 12 வேணும். உங்க ஸ்பெக் வேற நேரம் கேட்டா அந்த நேரத்தப் போட்டு இதே மாதிரி பெருக்கிக்கிடுங்க.

வீங்குனதுக்கு காரணத்தயும் தேடுங்க. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பேட்டரி ஆயுசு பாதியாகும்பாங்க. மே மாசம் நம்ம ஊரு வெயில் 40ஐத் தொடும், மொட்டமாடி லிஃப்ட் ரூம்ல மாட்டியிருந்தா மொதல்ல எடத்த மாத்துங்க.

கேள்வி: திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்க கடை. மாடிப்படிக்குக் கீழ எக்ஸ்பாண்டர் மாட்டலாம்ங்காங்க. சரியா?

பதில்: 2023 டிசம்பர் 17, 18ல ஆத்துத் தண்ணி எங்க வரைக்கும் வந்துதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா அண்ணாச்சி. செவத்துல அந்தத் தண்ணிக் கறை இன்னும் இருந்தா அதுக்கு மேல, இல்லன்னா நேரா மொத மாடியில மாட்டுங்க. கேபிள் மேல இருந்து எறங்குதுன்னா பெட்டியில நொழையுறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்க விட்டு, பக்கவாட்டுல ஏத்துங்க, வயர் வழியா தண்ணி ஒழுகி போர்டுல சொட்டாது. ஐப்பசி மழையில எர்த் ஃபால்ட் (வயர்ல இருந்து கரண்ட் பூமிக்குக் கசியுறது) வந்தா ஒவ்வொரு ஜோடியா கழட்டி எது கழட்டும்போது லைட் அணையுதுன்னு பாருங்க, பெரும்பாலும் கான்ட்யூட்டுக்குள்ள தண்ணி நிக்கும்.

கேள்வி: எங்க மில்லுல பழைய ஸ்ட்ரோபும் எக்ஸ்பாண்டர்ல இருந்து வார ஸ்ட்ரோபும் வேற வேற நேரத்துல மின்னுது. பரவாயில்லையா? — தாழையூத்து

பதில்: பரவாயில்லன்னு விடாதீங்க. ஒரே எடத்துல நின்னு பாக்குறப்ப எல்லாம் ஒண்ணா மின்னணும், தாறுமாறா மின்னுனா வலிப்பு வார ஆளுகளுக்கு ஆபத்து. எக்ஸ்பாண்டர் போர்டுல இருக்க சின்ன டிப் சுவிட்ச்ல சிங்க்குக்குன்னு (எல்லாம் ஒண்ணா மின்ன வைக்க) ஒண்ணு இருக்கும், மெயின் பேனலோட சிங்க் சேதிய அப்படியே கடத்திவிடுற மாதிரி வைங்க. ஸ்ட்ரோப் ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கணும், கம்பெனிக்கு ஒரு பாஷை. டிப் சுவிட்ச மாத்துறதுக்கு முன்னாடி பேட்டரியவும் ஏ.சி. (இ.பி.) கரண்ட்டயும் ரெண்டயும் எடுத்துருங்க, நெறைய பேனல் ஸ்டார்ட் ஆகும்போது மட்டுந்தான் அத வாசிக்கும்.

கேள்வி: கரண்ட் போகும்போதெல்லாம் ஃபால்ட் பஸ்ஸர் கத்துது, வாட்ச்மேன் எரிச்சல்ல எக்ஸ்பாண்டர் எம்.சி.பி.யயே எறக்கி வச்சிருக்காரு. என்ன செய்ய? — அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி, பெருமாள்புரம்

பதில்: அவருகிட்ட கோவப்படாதீங்க, ஒரு ராத்திரிக்கு நாலு வாட்டி கத்துனா யாரும் அதத்தான் செய்வாங்க. ஏ.சி. ஃபெயில் ஃபால்ட்ட மட்டும் சில மணி நேரம் தள்ளிப்போடுற ஒரு செட்டிங் பெரும்பாலான எக்ஸ்பாண்டர்ல உண்டு, அத ஆன் பண்ணுங்க, பேட்டரி ஃபால்ட்டும் வயர் ஃபால்ட்டும் அப்பவும் ஒடனே வரும். எம்.சி.பி.ய தனியா ஒதுக்கி, செவப்பு அடிச்சி, “தீ அலாரம், அணைக்காதீங்க”ன்னு தமிழ்ல எழுதுங்க, பூட்டுற மாதிரி கிளிப் கெடைக்கும் அதயும் போடுங்க.

அது எத்தன நாளா எறங்கிக் கெடந்துதோ, பேட்டரி செத்திருக்கும். மாத்துனதும் ஒரு நா பகல்ல எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டு, ஏ.சி.ய எடுத்துட்டு அப்படியே ராத்திரி வரைக்கும் விட்டு, பேட்டரியிலேயே ஓடும்போது கீழ கால் பாயிண்ட்ட அழுத்தச் சொல்லுங்க. நீங்க மேல் மாடி கடைசி ஹூட்டருக்குக் கீழ மீட்டரோட நில்லுங்க. அஞ்சு நிமிஷம் அடிச்சப்பெறவும் அங்க எத்தன வோல்ட் நிக்குதுன்னு பாத்து, தேதியோட பேனல் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிருங்க, அடுத்த வருஷம் டெஸ்ட் போடுற ஆளு அந்த நம்பரத்தான் மொதல்ல தேடுவான்.