பதிப்பகம் கை மாறுகிறது. நான் உருவாக்கிய பாத்திரம் யாருக்கு?

கேள்வி: 2008 முதல் 2014 வரை ஒரு சிறுவர் காமிக்ஸ் பதிப்பகத்துக்கு, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, கதையும் எழுதிப் படமும் வரைந்து கொடுத்தேன். அதில் வரும் துப்பறியும் சிறுமி என் கற்பனை. நான் சம்பள ஊழியன் அல்ல. வவுச்சரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவேன். 2011-ல் மட்டும் ‘எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது ஒரு பெரிய பொழுதுபோக்கு நிறுவனம் பதிப்பகத்தை வாங்குகிறது. அனிமேஷன் தொடர் எடுக்கப்போகிறார்களாம். 25,000 ரூபாய் தருகிறோம், ‘உறுதிப்படுத்தும் பத்திரத்தில்’ கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான மார்வெலின் ஓவியர் ஒருவரின் குடும்பமே வழக்கில் தோற்றதாமே, எனக்கு என்ன நிற்கும்?
– வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

உரிமை முழுவதும் பதிப்பகத்திடம் இருந்தால், உங்கள் கையெழுத்துக்கு யாரும் 25,000 ரூபாய் தர மாட்டார்கள். வாங்கும் நிறுவனத்தின் வக்கீல்கள் பழைய ஃபைல்களைப் புரட்டியிருப்பார்கள். இந்தப் பாத்திரத்துக்கு ஒழுங்கான தாள் இல்லை என்று கண்டிருப்பார்கள். பத்திரத்தின் பெயர் உறுதிப்படுத்தல். உள்ளே பெரும்பாலும் இன்றைய தேதியில் உரிமையைப் புதிதாக எழுதிக்கொடுப்பதுதான் இருக்கும்.

பங்குகளை வாங்கினாலும் சரி, காமிக்ஸ் தலைப்புகளை மட்டும் வாங்கினாலும் சரி, பதிப்பகத்திடம் இல்லாதது வாங்குபவருக்குப் போகாது. 2009-ல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியபோதும், ஸ்பைடர்மேன் திரைப்பட உரிமை சோனியிடமும் எக்ஸ்-மென் உரிமை ஃபாக்ஸிடமும்தான் இருந்தன. மார்வெல் அவற்றை முன்பே கொடுத்திருந்தது.

நீங்கள் சொல்லும் குடும்பம் ஓவியர் ஜேக் கிர்பியுடையது. டிஸ்னியின் அறிவிப்பு வந்த அடுத்த மாதமே, 1958–63 காலப் படைப்புகளின் உரிமையை மீட்டுக்கொள்வதாக நோட்டீஸ் விட்டார்கள். 2011-லும், மேல்முறையீட்டில் 2013-லும் தோற்றார்கள். அமெரிக்காவின் பழைய சட்டப்படி, பதிப்பகம் சொல்லி அதன் செலவில் வரைந்தால், வெளியிலிருந்து வரைபவராக இருந்தாலும் உரிமை பதிப்பகத்துக்கே. ஆனால் வழக்கை எடுத்துக்கொள்வதா என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் முடிவு செய்யும் முன், 2014-ல் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. இரண்டு முறை ஜெயித்த கம்பெனி எதற்குச் சமரசம் பேச வேண்டும்? அந்தச் செய்தியைப் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நம் சட்டம் உங்களுக்கு இன்னும் சாதகம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஊழியர் வேலையின் பகுதியாகப் படைத்தது முதலாளிக்குப் போகலாம். நீங்கள் ஊழியர் அல்ல. எதிர்த்தரப்பு பிடித்துத் தொங்கக்கூடியது 17(பி): ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து வரையவைத்த ‘பெயின்டிங் அல்லது போர்ட்ரெய்ட்’ அவருக்கே சொந்தம் என்கிறது அது. கலைப்படைப்புக்கு விளக்கம் தரும் 2(சி) பெயின்டிங்கையும் டிராயிங்கையும் தனித்தனியே சொல்கிறது. 17(பி)-யில் டிராயிங் இல்லை. காமிக்ஸ் பக்கம் டிராயிங்தான் என்று நாம் வாதிடலாம். இதில் தோற்றாலும் கதை இருக்கிறது. 17(பி) இலக்கியப் படைப்பைத் தொடுவதே இல்லை. கதை எழுதியதும் நீங்கள்தான் என்பதால், உங்கள் கையில் இருக்கும் பலமான சீட்டு அதுதான். பழைய நோட்டுகள், ஈமெயில்கள் எதையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது 2011 தாள். 19-வது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பதையும் சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ‘என்றென்றைக்கும்’ போன்ற சொல் இல்லையென்றால் அந்தத் தாள் 2016-லேயே காலாவதி. பணம் பெற்றதற்கான வவுச்சர் வெறும் ரசீது. ஆனால் பின்பக்கம் ஏதாவது அச்சடித்திருந்ததா என்று பாருங்கள், சில இடங்களில் அங்கேதான் விஷயம் இருக்கும்.

பாத்திரத்தின் பெயரைப் பதிப்பகம் டிரேட்மார்க்காகப் பதிந்திருந்தால் அது தனிச் சிக்கல். டிரேட்மார்க் பதிவேட்டை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது: எந்த ஆவணத்தின் பேரில் உரிமை கோருகிறீர்கள், அதன் நகல் அனுப்புங்கள் என்று பதிப்பகத்துக்கும் வாங்கும் நிறுவனத்துக்கும் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். விற்பனை முடியும் முன் இது போய்ச் சேர வேண்டும். பிறகு பேரம் பேசும் பலம் குறையும். கொடுக்கத்தான் விருப்பம் என்றால், மொத்தமாக எழுதிக்கொடுக்காமல் அனிமேஷனுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு, ராயல்டியோடு லைசென்ஸ் கொடுங்கள். டைட்டிலில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். உரிமையை விற்ற பிறகும் படைத்தவன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-வது பிரிவு உங்களுக்கே விட்டுவைத்திருக்கிறது; அதை விட்டுக்கொடுப்பதாகப் பத்திரத்தில் வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

வழக்கு என்று வந்தால் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடர 62-வது பிரிவு இடம் தருகிறது. வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அவசரத் தடையும் கேட்கவில்லையென்றால், முதலில் சமரச மையத்துக்குப் போய்வர வேண்டும்.