ஹவுல் சவரம் செய்யாத நாள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' நாவலைக் கல்லூரி நாட்களில் விழுந்து விழுந்து படித்தேன். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் மகளுக்காக வாங்கி, அவளுக்கு முன்னால் நானே மறுபடி படித்து முடித்தேன். அவளோ, "இதுல எங்கேம்மா லவ் இருக்கு? கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் சண்டைதானே போடுறாங்க?" என்கிறாள். எனக்கு இந்த முறை அது முதலிலிருந்தே காதல் கதையாகத்தான் தெரிந்தது. வயதாகிவிட்ட கோளாறா? இதன் அடுத்த பாகங்களைப் படிக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் வாசிப்பில் உங்கள் மகள் கண்டதுதான் கண்ணில் படும். 1986இல் வந்த அந்த நாவல் முழுக்க நாயகி சோஃபியின் பார்வையில் நகர்கிறது. சோஃபிக்கோ தன்னைப் பற்றி எதுவும் தெரியாது. மூன்று சகோதரிகளில் மூத்தவள். கதை நடக்கும் இங்கரி நாட்டில் மூத்த பிள்ளை எதற்குக் கிளம்பினாலும் விளங்காது என்பது நம்பிக்கை. தொப்பிக் கடையில் தனியே உட்கார்ந்து தொப்பிகளோடு பேசுகிறாள். அவள் சொன்னபடியே அவற்றை வாங்கியவர்களுக்கு நடக்கிறது. அது தன் வாக்குப் பலிதம் என்றுகூட அவளுக்கு உறைப்பதில்லை. இப்படிப்பட்டவளை ஒருவன் கவனித்துக்கொண்டே இருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாமல் போகிறது.

மே தினத் திருவிழாவில் மந்திரவாதி ஹவுல் அவளிடம் பேச வந்தபோது, அவன் யாரென்றே தெரியாமல் பயந்து ஒடுங்குகிறாள். சூனியக்காரி அவளைத் தொண்ணூறு வயதுக் கிழவியாக்கியதும் அந்தக் கூச்சமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவன் கோட்டைக்குள்ளேயே கேட்காமல் நுழைந்து துடைப்பத்தை எடுக்கிறாள், அவனை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். கிழவிக்கு யாரையும் மயக்கவேண்டிய கட்டாயமில்லை அல்லவா! அந்தச் சண்டைகள் காதலுக்குக் குறுக்கே நிற்கவில்லை, அவற்றில்தான் அது வளர்கிறது.

இந்த முறை நீங்கள் படித்தது ஹவுலின் கதையை. அவள்மேல் சாபம் இருப்பது அவனுக்கு ஆரம்பத்திலேயே புலப்பட்டுவிட்டது என்பதை ஜோன்ஸ் பின்பகுதியில்தான் சொல்கிறார். அவள் பார்க்காதபோது பலமுறை அதை எடுக்க முயன்றிருக்கிறான். தன் குருவான திருமதி பென்ஸ்டெமனிடம் அவளை அனுப்பியதிலும் அந்த நோக்கம் இருந்தது. ஒன்றும் பலிக்காமல், 'இவளே விரும்பித்தான் இந்த வேஷத்தில் இருக்கிறாள்' என்ற முடிவுக்கு வருகிறான். அது பெரும்பாலும் உண்மையும்கூட. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால், அவன் அவளைக் கடந்து போகும் ஒவ்வொரு காட்சியிலும் வேறு ஏதோ நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. ஹவுல் வெளியே கிளம்புமுன் குளியலறையில் மணிக்கணக்கில் தன்னை அலங்கரித்துக்கொள்பவன். அதை அவன் மறக்கும் நாளில்தான் அவன் உண்மையிலேயே காதலிக்கிறான் என்று நம்புவேன் என்று சீடன் மைக்கேல் கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். சிரித்துவிட்டுக் கடந்துவிடுவோம். கடைசியில், அவன் வேறொருத்தியைக் காதலிப்பதாக நினைத்து அவளை மீட்கப் பாழ்நிலத்துக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட சோஃபியைத் தேடி ஹவுல் வருகிறான். முகம் மழிக்கவில்லை, தலை சீவவில்லை, சட்டைக் கை கிழிந்திருக்கிறது. ஓடுகிற கதையில் இதுவும் ஒரு வரிதான். மகளிடம் இந்த இரண்டு பக்கங்களையும் காட்டிப் பாருங்கள். அதற்கு மேல் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

(ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 2004இல் எடுத்த அனிமேஷன் படத்தை வைத்து இதை எடைபோட வேண்டாம். அழகான படம்தான், ஆனால் போரும் பறக்கும் இயந்திரங்களும் முன்னால் வந்துவிட்டன. புத்தகத்து ஹவுல் இன்னும் கோழை, இன்னும் அல்டாப்பு. சளி பிடித்தால் சாகக் கிடப்பவன்போல் முனகிக் கோட்டையையே ரெண்டாக்குவான்.)

அடுத்த பாகங்களைத் தாராளமாகப் படிக்கலாம். 'காஸில் இன் தி ஏர்' 1990, 'ஹவுஸ் ஆஃப் மெனி வேஸ்' 2008. இரண்டிலும் நாயகர்கள் வேறு, இவர்கள் ஓரமாகத்தான் வருகிறார்கள். இரண்டாவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். மூன்றாவதில் ஹவுல் சின்னப் பையனாக உருமாறி, மழலை பேசிக்கொண்டு, ஊரார் முன்னிலையில் சோஃபியின் உயிரை வாங்குகிறான். அதையும் அவள் திட்டிக்கொண்டேதான் சகிக்கிறாள்.