15,000 ரூபாய்க்குள் நல்ல ஃபோனோ ப்ரீஆம்ப் எது? டர்ன்டேபிளுக்குள் இருப்பதை விட்டுவிட்டு வெளியே ஒன்று வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் மூன்று வருடத்துக்கு முந்தைய என் வீட்டு ஹால் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (நீடில் பொருத்திய தலை), டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது), பாட்டில் 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் சீறல், பாட்டு நின்றால் உம்ம்ம் என்று ஓர் இரைச்சல். நீங்கள் சொல்லியிருப்பது அப்படியே என் கதை. ரெக்கார்டுகளும் அப்பாவோ மாமாவோ வைத்துவிட்டுப் போனவையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் சொல்கிறேன், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள், வெளியே வைக்கும் ப்ரீஆம்ப் பெட்டி வாங்காதீர்கள்.

எங்கள் அப்பா சம்பள நாளில் ஒரு ஈபி (சின்ன இசைத்தட்டு) வாங்குவார். மாதத்துக்கு ஒன்றுதான், கணக்கு அவ்வளவுதான் இடம் கொடுக்கும். அதைப் போட்டுக் கேட்டது ஒரு சூட்கேஸ் ப்ளேயரில். அதில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ், அதிலிருந்து வரும் மின்னழுத்தமே ஆம்ப்புக்குப் போதும். ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற வார்த்தையையே எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. இப்போது வரும் எம்எம் (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் அப்படியில்லை, உங்களுடையது கொடுப்பது சுமார் 4 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல் பெருக்கினால்தான் சாதாரண ஆம்ப் அதை ஏற்கும். பெருக்குவது பாதி வேலை. தட்டில் பாட்டைப் பள்ளமாக வெட்டிப் பதியும்போது பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். பேஸை முழுதாக வெட்டினால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் நாலு பாட்டுகூடப் பிடிக்காது, ட்ரெபிளைக் கூட்டினால் தட்டின் உரசல் சத்தம் அடியில் மறையும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதை 1954-ல் அமெரிக்காவில் ஆர்ஐஏஏ (இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) என்ற பெயரில் ஒரே அளவாக முடிவு செய்தார்கள். ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்: 20 ஹெர்ட்ஸை ஒன்பது மடங்கு ஏற்றி, 20,000 ஹெர்ட்ஸைப் பத்தில் ஒன்றாக இறக்கி.

இதெல்லாம் தெரியாமல்தான் ஒரு கடைக்குப் போனேன். "உள்ள இருக்கிறதெல்லாம் சும்மா சார், வெளியில நல்லதா ஒண்ணு போடுங்க" என்றார் கடைக்காரர். 22,000 ரூபாய். எம்சி (சுருள் அசையும் வகை கார்ட்ரிட்ஜ்) வசதி, பின்னால் குட்டிக் குட்டி ஸ்விட்ச் என்று எனக்குத் தேவையில்லாத எல்லாம் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டிப் பாட்டுப் போட்டேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்று, "என்னடா இது, குடத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு" என்றார். அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டர்ன்டேபிளின் பின்பக்கம் இருக்கும் ஸ்விட்சை 'லைன்' பக்கத்திலேயே விட்டிருந்தேன். ஒரு ப்ரீஆம்புக்குள் போனது இன்னொன்றுக்குள்ளும் போய், பேஸ் இரண்டு தடவை ஏறி, ட்ரெபிள் இரண்டு தடவை இறங்கிவிட்டது. நீங்கள் என்றைக்கு வெளிப்பெட்டி வாங்கினாலும் அந்த ஸ்விட்சை 'ஃபோனோ' பக்கம் தள்ள மறக்காதீர்கள்.

தள்ளிய பிறகு குடம் போனது. உம் இரைச்சல் முன்பைவிட அதிகமானது, சீறல் அப்படியே இருந்தது. பணத்தைக் கொட்டிவிட்டு அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

இரைச்சலுக்குக் காரணம் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பெட்டியை ஆம்ப்பின் தலைமேல் வைத்திருந்தேன், அதற்கு நேர் கீழே ஆம்ப்பின் ட்ரான்ஸ்ஃபார்மர். இரண்டடி தள்ளி வைத்ததும் பாதி குறைந்தது. மீதி, டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரைப் பெட்டியின் திருகில் சரியாக முடுக்காததால் வந்தது. உங்கள் வீட்டிலும் இதைச் சோதிக்கலாம், செலவில்லை. டோன் ஆர்மை (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கம்பியை) கையால் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் எர்த் பிரச்சினை. ஆர்ம் நடுப்பக்கம் நகர நகர இரைச்சல் மாறுகிறது என்றால் பக்கத்தில் ஏதோ ட்ரான்ஸ்ஃபார்மரோ அடாப்டரோ இருக்கிறது.

சீறலுக்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. கார்ட்ரிட்ஜை நான் மாட்டியதில் 3 மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. அளவுகோல் படத்தைச் சரியான அளவில் அச்சடித்து, நீடிலை அதன்மேல் வைத்துப் பார்த்துத் திருத்தினேன். நீடில் தட்டை அழுத்தும் எடையைக் குட்டித் தராசில் பார்த்து 2 கிராமுக்குக் கொண்டு வந்தேன். தட்டின் வெளிவட்டத்தில் சீறல் நின்றுவிட்டது. உள்வட்டத்தில், அதாவது ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அங்கே நீடிலுக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் வெளிவட்டத்தில் பாதிகூட இருக்காது, நீள்வட்ட முனை கொண்ட நீடில் அங்கே திணறும். விஎம்95 வரிசையில் ஒரு நல்ல விஷயம், கார்ட்ரிட்ஜ் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு நீடிலை மட்டும் உருவி, முனை இன்னும் மெல்லியதான மைக்ரோலீனியர் நீடில் சொருகலாம். சொருகினேன். 22,000 ரூபாய் பெட்டி காட்டாத வித்தியாசத்தை அது முதல் பாட்டிலேயே காட்டியது.

வருடக்கணக்காக வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் கீழே வந்து "உனக்குக் காது சரியில்லை" என்று எழுதலாம். வெளிப்பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் எம்சி கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பார்கள், அதிலிருந்து வருவது அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே, அதற்கு நல்ல பெட்டி கட்டாயம் வேண்டும். உங்கள் நிலைமை வேறு, அதைத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் வாங்க வேண்டும் என்று தோன்றினால், எம்எம் மட்டும் உள்ளதாகப் பாருங்கள். விஎம்95இ-க்கு மின்தேக்கம் (கெப்பாசிடன்ஸ்) 100 முதல் 200 பிகோஃபாரட் வரை என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் வயரும் சேரும், வயரே 100-க்கு மேல் தின்றுவிடலாம். அது கூடிப்போனால் ட்ரெபிளில் ஒரு மேடு எழும்பி, அதுவும் சீறல் மாதிரியே கேட்கும். ஆர்ட் டிஜே ப்ரீ 2-ல் 100, 200 என்று மாற்ற ஸ்விட்சே இருக்கிறது, லோ கட்டும் (மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் வசதி) இருக்கிறது. நம் ஊர் வெயிலில் நெளிந்த தட்டுகளுக்கு லோ கட் ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் எல்பி (பெரிய தட்டு) ஒரு சுற்றுச் சுற்றும் 1.8 விநாடிக்கு ஒருமுறை ஸ்பீக்கரின் ஊஃபர் கோன் முன்னும் பின்னும் ஆடும், கண்ணால் பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் ஆடியோ ஆல்வா சோலோவும் எம்எம் மட்டும்தான், பட்ஜெட்டுக்குள் கிடைத்தால் அதையும் பார்க்கலாம். ஆம்ப்பில் மோனோ பட்டன் இருந்தால் பழைய மோனோ ஈபிகளுக்கு அதை அழுத்துங்கள். அந்தத் தட்டுகளில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது, மேலும் கீழும் வருவதெல்லாம் தூசியும் தேய்மானமும், பாதிக் கரகரப்பு அப்போதே போய்விடும்.

ஈபி என்றதும் வயிறு எரிகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும். போன மாதம் ஒரு காபிக் கடைச் சுவரில் ஓர் ஈபியைக் கடிகாரமாக மாட்டியிருந்தார்கள். நடுவில் பெரிதாகத் துளை போட்டு, ஓரத்தை யானை வடிவத்தில் வெட்டி. கிட்டே போய் லேபிளைப் படித்தேன், அப்பாவிடம் இருந்து தொலைந்துபோன அதே தட்டு, நாலு வருடமாக நான் தேடிக்கொண்டிருப்பது. அடுத்த சுவரில் இன்னும் ஆறு. கீறல் விழுந்த தட்டைத்தான் வெட்டுகிறோம் என்றார்கள். ஒன்றில் கீறலே இல்லை. ஒரு தட்டையாவது போட்டுப் பார்த்துவிட்டு வெட்டக் கூடாதா? எதிரே உட்கார்ந்து என்னால் காபி குடிக்க முடியவில்லை, பணத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, உங்கள் விஷயம். டோன் ஆர்மைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா, சீறல் தட்டின் ஆரம்பத்திலேயே வருகிறதா இல்லை கடைசிப் பாட்டில் மட்டுமா, நீடில் எத்தனை வருடப் பழசு, இந்த மூன்றையும் எழுதுங்கள். பெட்டியா நீடிலா என்று அப்புறம் சொல்கிறேன்.