மூட்டுவாத ஊசியால் சொரியாசிஸ் வருமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: முடக்குவாதத்துக்கு ஐந்து மாதமாக அடாலிமுமாப் ஊசி போடுகிறேன். மூட்டு வலி நன்றாகக் குறைந்தது. இப்போது உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளம்; சொரியாசிஸ் என்கிறார்கள். சொரியாசிஸுக்கும் இதே ஊசியைத்தானே போடுகிறார்கள்?

பதில்: அதே ஊசிதான். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை அது அடக்குகிறது. அந்த டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற இன்னொரு புரதத்துக்குக் கடிவாளமாகவும் இருக்கிறது. கடிவாளம் போனதும் சிலருக்குத் தோலில் இன்டர்ஃபெரான் பெருகி சொரியாசிஸைக் கிளப்பிவிடுகிறது. நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரலாம். டிஎன்எஃபை அடக்கும் மற்ற ஊசிகளான இன்ஃப்ளிக்ஸிமாப், எட்டனர்செப்ட் போடுவோருக்கும் உண்டு. குடும்பத்தில் யாருக்கும் சொரியாசிஸ் இல்லாதவர்களையும் விடுவதில்லை. கடுகளவு மஞ்சள் கொப்புளங்கள் சில நாளில் காய்ந்து, பழுப்புப் புள்ளியாகி, செதிலாக உரியும். உள்ளே இருப்பது கிருமியில்லாத சீழ். அதனால் பிறருக்கு ஒட்டாது. புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே விடுங்கள். கை, கால் கொப்புளத்தை அது மோசமாக்கும்.

கேள்வி: அடுத்த ஊசியைப் போடாமல் விட்டுவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அடாலிமுமாப் உடம்பிலிருந்து பாதி குறையவே சுமார் இரண்டு வாரம் ஆகும். ஒரு ஊசியை விட்டால் தோல் ஆறிவிடாது. மூட்டுதான் மறுபடி வீங்கும். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை அளவு என்பது உடம்புத் தோலில் ஏறத்தாழ 1 சதவீதம். பாதிப்பு ஐந்து உள்ளங்கை அளவுக்குள் இருந்தால், பெரும்பாலும் ஊசியைத் தொடர்ந்தபடியே களிம்பால் சமாளிக்கலாம். பாதம் வெடித்து நடக்க முடியவில்லை என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அது கடுமையான பாதிப்புதான். காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்து கொப்புளித்தால் ஊசி போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் தந்த களிம்பைத் தடவலாமா?

பதில்: கூடாது. அப்படித் தரும் டியூப்களில் பல ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்தவை. படர்தாமரையாக இருந்தால் ஸ்டீராய்டு அதை மறைத்து, உள்ளே பரவவிடும். செதிலைச் சுரண்டி பூஞ்சைப் பரிசோதனை செய்து, தோல் மருத்துவர் சொரியாசிஸ்தான் என்று உறுதி செய்தபின், பெரும்பாலும் குளோபெட்டசால் 0.05 சதவீதக் களிம்பை எழுதித் தருவார். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவுக்கு அது போதும். முகத்திலும் தொடை இடுக்கிலும் படக்கூடாது.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் சீக்கிரம் அடங்குமே?

பதில்: அடங்கும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும் ஆபத்து இருக்கிறது. மூட்டுக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் சட்டென்று விடாதீர்கள். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறையுங்கள்.

கேள்வி: வேறு ஊசிக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: எந்த ஊசிக்கு மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிஎன்எஃபை அடக்கும் இன்னொரு ஊசிக்கு மாறியவர்களில் பலருக்குத் தோல் பிரச்சினை திரும்ப வருகிறது. களிம்புக்குக் கேட்காவிட்டால், மருந்தின் வகையையே மாற்றுவதுதான் எங்கள் பரிந்துரை. முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசியோ டோஃபாசிட்டினிப் மாத்திரையோ இருக்கிறது. முதுகுத்தண்டு வாதத்துக்குச் செகுகினுமாப் ஊசி தோலையும் சேர்த்துக் கவனிக்கும். ஆனால் குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஊசியை மாற்றும் முன், வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் உங்கள் சீட்டில் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு, தோல் இரண்டுக்கும் அது உதவும். ஊசியை மாற்றிய பிறகும் தோல் தெளியச் சில மாதம் பிடிக்கலாம்.