மொத்தம் 7, ரைட்டிங்கில் மட்டும் 6

தங்கை, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியும். வெளிநாடு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஷிஃப்ட் வேலை. உங்கள் தொழிலுக்கான பதிவுக்காக ஐயெல்ட்ஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதினீர்கள். லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 6.5. மொத்தம் 7 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டு விண்ணப்பித்தால், நான்கிலும் தனித்தனியாக 7 வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். "நான் தமிழ் வழியில் படித்ததால்தான் இப்படியா அக்கா? எந்தக் கோச்சிங்கில் சேரலாம்? இரண்டு மாதம் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மொத்தம் 7 எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். நான்கையும் கூட்டினால் 27. நான்கால் வகுத்தால் 6.75. சராசரி .75 என்று முடிந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடுவார்கள், .25 என்றால் அரைக்கு ஏற்றுவார்கள். அப்படித்தான் 6.75 என்பது 7 ஆனது. லிசனிங்கில் 7-க்கு மேல் நீங்கள் வாங்கிய அரை பேண்ட் (இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை பேண்ட் என்பார்கள்) மொத்தத்தைத் தூக்கிவிட்டது, ஆனால் ரைட்டிங்குக்கு அது உதவாது. எங்கே விண்ணப்பிக்கிறீர்களோ அவர்கள் மொத்தம் எவ்வளவு கேட்கிறார்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது எவ்வளவு கேட்கிறார்கள் என்று இரண்டையும் அவர்களுடைய இணையதளத்திலேயே படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணா சொன்னார் என்று போகாதீர்கள். தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தமிழ் வழிப் படிப்பைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது காரணமே இல்லை. ஆங்கில வழியில் படித்து, வேலையில் நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசுகிறவர்கள் ரைட்டிங்கில் 6, 6.5 என்று நிற்பதை இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். நானே அப்படி நின்றவள்தான். முதல்முறை எழுதியபோது, ரைட்டிங்கின் முதல் பகுதியான டாஸ்க் 1-இல் விவரிக்கச் சொல்லி வந்த வரைபடத்தில் கண்ட எண்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது 35 நிமிடம் போயிருந்தது. மொத்தமே 60 நிமிடம். கட்டுரை எழுதும் டாஸ்க் 2-வின் கடைசிப் பத்தியைப் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டு வந்தேன். டாஸ்க் 1 குறைந்தது 150 சொல், டாஸ்க் 2 குறைந்தது 250 சொல், இரண்டாவதற்கு முதலாவதைப்போல இரு மடங்கு எடை என்பதெல்லாம் எனக்கு அன்றும் தெரியும். தெரிந்தும் அப்படிச் செய்தேன், ஏனென்றால் அதுவரை வீட்டில் ஒருமுறைகூட இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில், நேரம் வைத்து எழுதிப் பார்த்ததில்லை.

அதன்பிறகு ஒரு கோச்சிங்கில் சேர்ந்தேன். அங்கே ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்து, எந்தத் தலைப்பு வந்தாலும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கி நான்கு வரி. அந்த நான்கு வரிக்கு மதிப்பெண்ணே கிடைக்காது தங்கை. மதிப்பிடுகிறவர்கள் அதே வரிகளைத் தினமும் பார்க்கிறார்கள். மனப்பாடம் செய்தது என்று தெரிந்தால் அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைத்தான் எடைபோடுவார்கள்.

எனக்கு வழி திறந்தது வேறு விதமாக. பழைய பயிற்சிக் கட்டுரைகள் ஆறேழை எடுத்து வரிசையாக வைத்துப் பிழைகளை மட்டும் எண்ணினேன். நூறு விதமான பிழை இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது ஏழெட்டு விதம்தான், அவையே திரும்பத் திரும்ப வந்திருந்தன. உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். நீங்கள் புதிதாக ஆங்கிலம் கற்கத் தேவையில்லை. உங்கள் கையில் ஊறிப்போன ஏழெட்டுப் பிழைகளை இரண்டு மாதத்தில் பிடுங்கி எறிய வேண்டும், அவ்வளவுதான்.

அதில் பாதி நம் தமிழிலிருந்து வருவது. நமக்கு 'பற்றி விவாதித்தோம்' என்று சொல்லிப் பழக்கம், அதனால் 'டிஸ்கஸ்' எழுதியதும் கை தானாக 'அபௌட்' சேர்த்துவிடும். அங்கே அது வரக்கூடாது. 'என்றாலும்' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'ஆனால்' போட்டாலும் தமிழ்க் காதுக்கு உறுத்தாது, அதனால் ஒரே வாக்கியத்தில் 'ஆல்தோ'வும் 'பட்'டும் சேர்ந்து வரும். தமிழில் 'தி', 'ஏ' போன்ற சொற்களே இல்லை, அதனால் அவை விழுந்துபோகும், அல்லது தேவையில்லாத இடத்தில் முளைக்கும். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றுக்குக் கடைசியில் 'ஸ்' சேர்த்துப் பன்மையாக்குவோம். வேலையிடத்தில் இதையெல்லாம் யாரும் திருத்த மாட்டார்கள், ஏனென்றால் நாம் சொல்வது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஐந்து வருடம் வெளிநாட்டில் இருந்தாலும் இந்தப் பிழைகள் அப்படியே நிற்பதற்கு அதுதான் காரணம். காது பழகிவிடும், பேச்சு சரளமாகிவிடும், எழுத்து மட்டும் வந்த நாளில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இலக்கணம் நான்கில் ஒரு பங்குதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னீர்களா, சொன்னது கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை. என் அனுபவத்தில் 6-இல் நிற்பவர்கள் பெரும்பாலும் முதலாவதில்தான் வழுக்குகிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். 'பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கினால் நகரங்களில் நெரிசல் தீர்ந்துவிடும். இதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?' என்று கேள்வி வருகிறது என்று வையுங்கள். உடனே நாம் என்ன செய்வோம்? பொதுப் போக்குவரத்தின் நன்மைகள் என்று தொடங்கி, புகை குறையும், பெட்ரோல் மிச்சமாகும், முதியவர்களுக்கு உதவும் என்று எழுதித் தள்ளுவோம். அத்தனையும் உண்மை, ஆனால் கேட்டது அதில்லை. கட்டணம் இல்லை என்பதற்காகக் கார் வைத்திருப்பவர் காரை வீட்டில் விட்டுவிட்டு வருவாரா? அவர் கார் எடுப்பது செலவைப் பார்த்தா, நேரத்தைப் பார்த்தா? கூட்டம் ஏற்கனவே நிரம்பி வழியும் பேருந்தை இலவசமாக்கினால் என்ன ஆகும்? கேள்வியின் மையம் 'இலவசம்', 'நெரிசல்' என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தச் சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். 'நான் ஓரளவுக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால்...' என்று உங்கள் நிலைப்பாட்டை முதல் பத்தியிலேயே சொல்லி, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மாறினால் அங்கேயே 7 போய்விடும்.

பெரிய பெரிய சொற்களைத் தேடிப்பிடித்துப் போட வேண்டாம். தெரிந்த சொல்லைச் சரியான இடத்தில் போட்டால் போதும். ஸ்பெல்லிங் பிரிட்டிஷ் முறையோ அமெரிக்க முறையோ, இரண்டும் ஏற்பார்கள். ஒன்றைத் தொடங்கினால் அதிலேயே இருங்கள்.

அடுத்து ஸ்பீக்கிங். 6.5-இலிருந்து 7 பக்கத்தில்தான் இருக்கிறது. தேர்வு 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. நடுப்பகுதியில் ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் தனியாகப் பேசச் சொல்வார்கள். நம்மவர்கள் திணறுவது அங்கேதான், ஐம்பதாவது நொடியில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விடும். ஃபோனில் உங்கள் குரலைப் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள். என் முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் 'ஆக்சுவலி' என்று பதினொரு தடவை சொல்லியிருந்தேன். அது யாரும் எனக்குச் சொல்லாதது. அடுத்த வாரமே மூன்றாகக் குறைந்தது.

உச்சரிப்பில் தமிழ்ச் சாயல் இருப்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள், சிரமம் இல்லாமல் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் புரியாமல் போகும் இடங்கள் நமக்கென்று சில உண்டு. 'பேக்' என்று தமிழில் எழுதுங்கள். மூட்டை கட்டுவதும் அதுதான், முதுகும் அதுதான், தோளில் மாட்டும் பையும் அதுதான். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று ஒலி. நம் எழுத்தில் அந்த வேறுபாடு இல்லாததால் வாயும் அதைச் சோம்பலாக விட்டுவிடுகிறது. 'எ'யில் தொடங்கும் சொல்லை 'யெ' என்றும், 'ஒ'வில் தொடங்குவதை 'வொ' என்றும் சொல்வது இன்னொன்று. சொல்லின் கடைசியில் ஒரு குற்றியலுகரத்தை ஒட்டி 'புக்கு', 'பஸ்ஸு' என்பதும் அப்படித்தான். தினம் பத்து நிமிடம், இந்த மூன்றை மட்டும் கண்ணாடி முன் நின்று பழகினால் போதும். உள்ளூர்க்காரர்கள் போலப் பேச முயலாதீர்கள், செயற்கையாக இருக்கும்.

லிசனிங், ரீடிங் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, விட்டுவிடாமல் வைத்துக்கொண்டால் சரி. லிசனிங்கில் 40 கேள்விக்குச் சுமார் 30 சரியாக இருந்தால் 7. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். விடை தெரிந்தும் பன்மை 'ஸ்' விட்டதாலும், 'இரண்டு சொல்லுக்கு மிகாமல்' என்று கேட்ட இடத்தில் மூன்று எழுதியதாலும் போகும் மதிப்பெண்தான் வயிற்றெரிச்சல். ரீடிங்கில் 'பொய்' என்பதற்கும் 'சொல்லப்படவில்லை' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் கவனமாக இருங்கள். 1998-இல் ஒரு நூலகத்தை விரிவாக்கினார்கள் என்று பத்தி சொல்கிறது என்று வையுங்கள். 'அதன்பிறகு வாசகர்கள் கூடினார்கள்' என்று கேள்வியில் வந்தால், கூடித்தானே இருப்பார்கள் என்று மனம் சொல்லும். பத்தி சொல்லவில்லை என்றால் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

கோச்சிங் பற்றி. சேர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மாதக் கணக்கில் வகுப்பு உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் கட்டுரையை வரிவரியாகத் திருத்தி, ஏன் தவறு என்று எழுதித் தரும் ஒருவர் கிடைத்தால் அவருக்குப் பணம் கொடுங்கள். வாரம் இரண்டு கட்டுரை, இரண்டு மாதத்துக்குப் பதினாறு. திருத்தி வந்ததை அன்றே முழுவதுமாகத் திரும்ப எழுத வேண்டும். புதிதாகப் பத்து எழுதுவதைவிட, ஒன்றைத் திரும்ப எழுதுவதில்தான் பிழை கழன்றுபோகிறது. ஷிஃப்ட் முடிந்து வந்து களைப்பில் எழுதாதீர்கள். வேலைக்குப் போவதற்கு முந்தைய 40 நிமிடம், ஒரு டாஸ்க் 2, அலாரம் வைத்து. விடுமுறை நாளில் இரண்டு டாஸ்க்கும் சேர்த்து 60 நிமிடம்.

இன்னும் இரண்டு விஷயம். கணினியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதி சில இடங்களில் உண்டு, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள். ஆனால் உங்களுக்கு இரண்டு பகுதி குறைந்திருக்கிறது, தவிர அதை எல்லா அமைப்பும் ஏற்பதில்லை. அதனால் முழுத் தேர்வையே மறுபடி எழுதுவதுதான் வழி. மறுமதிப்பீடு கேட்க ஆறு வாரம் அவகாசம் உண்டு, மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பி வரும். ஆனால் ரைட்டிங் 6 ஒரேயடியாக 7 ஆகும் என்று நம்பி அதில் காலத்தைக் கழிக்காதீர்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது கொடுத்த அதே பாஸ்போர்ட்டைத்தான் தேர்வன்றும் கொண்டுபோக வேண்டும். இடையில் புதுப்பித்தால் முன்கூட்டியே தேர்வு மையத்தில் சொல்லிவிடுங்கள்.

போன தடவைக்காக எழுதிய பயிற்சிக் கட்டுரைகள் இன்னும் வைத்திருக்கிறீர்களா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்று இரவு அதில் மூன்றை எடுத்து ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். விட்டுப்போன 'தி', தேவையில்லாத 'அபௌட்', தப்பான 'ஸ்' எல்லாவற்றையும் வட்டமிட்டு, எது எத்தனை தடவை என்று ஓரத்தில் எண்ணி எழுதுங்கள். எந்தப் பிழை அதிகமோ அதிலிருந்து நாளைக் காலை தொடங்கலாம். எண்ணிக்கை என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், தங்கை. அடுத்து என்ன செய்வதென்று சேர்ந்து பார்ப்போம்.